களிமண்ணுக்குள் தங்கிய கரைப்பான்: மூடிய ரசாயன ஆலையின் நிலத்தடி நீரை மீட்பது எப்படி?

மூடிக்கிடக்கும் ரசாயன ஆலைக்குள் நுழைந்தால் துருப்பிடித்த தொட்டிகளும் இடிந்த சுவர்களும்தான் கண்ணில் படும். அவற்றை வெட்டி லாரியில் ஏற்றிவிடச் சில மாதங்கள் போதும். ஆனால் காலடியில் 5 மீட்டரிலோ 15 மீட்டரிலோ தங்கிவிட்டதை வெளியேற்றப் பத்தாண்டும் ஆகலாம், ஐம்பதாண்டும் ஆகலாம். எத்தனை லிட்டர் சிந்தியது என்பதைவிட, சிந்தியது எங்கே போய் உட்கார்ந்தது என்பதே இந்தக் கால அளவைத் தீர்மானிக்கிறது.

டிரைகுளோரோஎத்திலீனையே எடுத்துக்கொள்வோம். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பசையைக் கழுவவும் ரசாயனத் தயாரிப்பில் கரைப்பானாகவும் பல பத்தாண்டுகள் புழங்கிய திரவம் இது, சுருக்கமாக டி.சி.இ. புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்டது. அமெரிக்கக் குடிநீர் விதிப்படி ஒரு லிட்டர் நீரில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் டி.சி.இ.யின் எடை 1.46 கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர், ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்பு வரை கெடுக்கப் போதும். குழாய் இணைப்பில் ஆண்டுக்கணக்கில் சொட்டிய கசிவு ஏன் ஒரு வட்டாரத்தின் கிணறுகளையே கெடுக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

பெட்ரோல் கசிந்தால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். டி.சி.இ. தண்ணீரைவிடக் கனமானது, தண்ணீரைவிடக் குழகுழப்பும் குறைவு. அதனால் நீர்மட்டத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டே போகும். போகிற வழியில் மணல் துகள்களுக்கு இடையே சிறு சிறு குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும். களிமண் படுகையில் முட்டியதும் அதன்மேல் குட்டையாகத் தேங்கி, படுகையின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகரும். நிலத்தடி நீர் கிழக்கே ஓட, கரைப்பான் மேற்கே போவதும் உண்டு.

தேங்கிய திரவத்தைத் தொட்டு ஓடும் நீரில் டி.சி.இ. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. லிட்டருக்கு அதிகபட்சம் 1.1 கிராம் அளவுக்குத்தான் கரையும். அந்த நீர் நிலத்தடி ஓட்டத்தின் திசையில் நீளமாகப் பரவுவதைத்தான் மாசுத் தாரை என்கிறோம். அதே வேளையில் இன்னொரு நகர்வும் நடக்கிறது. கரைந்த மூலக்கூறுகள் செறிவு குறைந்த களிமண்ணுக்குள் மெல்ல ஊறுகின்றன. முப்பது ஆண்டில் சில பத்து சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஊறிவிடும். இந்த ஊறலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பெரும்பாலான தோல்விகளுக்கு இதுதான் காரணம்.

துளை போடுவதற்கு முன்

முதல் வேலை காகிதத்தில். எந்தத் தொட்டி எங்கே நின்றது, கழிவுநீர்க் குழாய் எந்தச் சாய்வில் போனது, பழைய பீப்பாய்களைக் கவிழ்த்த பள்ளம் எது, எந்த ஆண்டில் எந்தக் கரைப்பானுக்கு மாறினார்கள் என்பதையெல்லாம் பழைய வரைபடங்களிலிருந்தும் வான்படங்களிலிருந்தும் அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவிலிருந்தும் சேர்க்க வேண்டும். இந்தப் படியைச் சுருக்கியவர்கள் பின்னால் பத்து மடங்கு செலவழிக்கிறார்கள்.

அடுத்தது கண்காணிப்புக் கிணறுகள். நீர் ஓடும் திசையை அறிய ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது தேவை. மூன்றிலும் நீர்மட்டத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்தால் சரிவு தெரிந்துவிடும். வேகம் எளிய கணக்கு: மண்ணின் நீர் கடத்துதிறனைச் சரிவால் பெருக்கி, துளைமையால் (மண்ணில் துகள்களுக்கு இடையிலான வெற்றிடத்தின் பங்கு) வகுக்க வேண்டும். கடத்துதிறன் நொடிக்கு 0.0001 மீட்டர் உள்ள மணலில், 1000 மீட்டருக்கு 3 மீட்டர் சரிவும் 30 விழுக்காடு துளைமையும் இருந்தால் நீர் ஆண்டுக்குச் சுமார் 31 மீட்டர் நகரும். டி.சி.இ. மண்ணின் கரிமப் பொருளில் ஒட்டி ஒட்டிப் போவதால் அதைவிட மெதுவாகப் போகும்.

கிணற்றின் துளையிட்ட பகுதி ஒன்றரை முதல் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். பத்து மீட்டர் நீளத்துக்குத் துளையிட்டால் நல்ல நீரும் கெட்ட நீரும் கலந்து சராசரிதான் கிடைக்கும். அரை மீட்டர் தடிமனுள்ள கடும் மாசு அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். மாதிரி எடுக்கும் பம்ப் நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் மட்டுமே இழுக்க வேண்டும். பி.எச்., கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் மூன்றும் நிலைத்த பிறகே 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல், விளிம்பு வழிய நிரப்பி மூட வேண்டும். குமிழி இருந்தால் கரைப்பான் அதற்குள் ஆவியாகிவிடும்; அறிக்கையில் எண் குறைந்து வரும்; அந்தப் பொய்யான எண்ணை நம்பி யாராவது அந்த நீரைக் குடிப்பார்கள்.

நீரில் டி.சி.இ. அதன் கரைதிறனில் ஒரு விழுக்காட்டை, அதாவது லிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டினால், கரையாத திரவம் மேல்நீரோட்டத்தில் எங்கோ அருகில் தேங்கியிருக்கிறது என்று சந்தேகிப்பது இத்துறையின் வழக்கம். மண் உருளையை எடுத்து, சூடான் 4 என்ற சாயத்தைத் தூவிக் குலுக்கினால் திரவக் கரைப்பான் சிவப்பாகத் தெரியும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. கரைப்பான் தேங்கிய களிமண் படுகையைத் துரப்பணத்தால் குத்திக் கடக்கக் கூடாது. அதுவரை தாங்கி நின்ற தரையில் ஓட்டை போட்டால் குட்டை முழுவதும் அடியிலுள்ள அடுத்த நீர்த்தாங்கிக்கு, அதாவது நீர் நிறைந்த மண் அடுக்குக்கு, வடிந்துவிடும். ஆய்வே மாசைப் பரப்பிய கதையாகிவிடும். ஆழமாகப் போக வேண்டியிருந்தால் மாசின் வெளி எல்லையிலிருந்து உள்நோக்கி வர வேண்டும். அல்லது மேல் படுகை வரை இரும்புக் குழாய் இறக்கிச் சிமெண்டால் அடைத்துவிட்டு, அது இறுகிய பிறகே உள்ளே சிறிய துளையைத் தொடர வேண்டும்.

இறைத்துக்கொண்டே இருந்தால் போதாதா?

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, கெட்ட நீரைப் பம்ப் வைத்து இறைத்து, காற்று ஊதும் கோபுரத்திலோ ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டியிலோ சுத்தம் செய்து வெளியே விடுவது. முதல் இரண்டு ஆண்டுகளில் செறிவு விறுவிறுவென்று விழும். பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பம்பை நிறுத்தினால் சில மாதங்களில் மீண்டும் ஏறும். மணலில் ஓடிய நீர் சுத்தமானதும், களிமண்ணுக்குள் ஊறியிருந்த கரைப்பான் எதிர்த்திசையில் கசிய ஆரம்பிக்கிறது. முப்பது ஆண்டு உள்ளே போனது முப்பது ஆண்டில் வெளியே வந்துவிடாது. அதைவிட நெடுங்காலம் எடுக்கும். அதற்காக இறைப்பதை வீண் என்று சொல்லிவிட முடியாது. மாசுத் தாரை ஊர்க் கிணறுகளை எட்டாமல் மறித்து வைக்க அதைவிட நம்பகமான வழி குறைவு. மறிக்கிறோமா, மீட்கிறோமா என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவுதான்.

நீர்மட்டத்துக்கு மேலுள்ள உலர்ந்த மண்ணுக்கு ஆவி உறிஞ்சல் நன்றாகவே வேலை செய்யும். துளையிட்ட குழாய்களைப் பதித்து புளோயரால் காற்றை இழுத்தால் கரைப்பான் ஆவியாகி வரும். வரும் காற்றின் ஈரத்தை முதலில் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் ஈரக்காற்றில் கார்பனின் பிடிப்புத்திறன் சரிந்துவிடும். ஆழமில்லாத, சிறிய, கடும் மாசு இருந்தால் தோண்டி எடுப்பதே நல்லது. தோண்டிய மண் 20 முதல் 30 விழுக்காடு பருத்துவிடும் என்பதை லாரிக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் செலுத்தி மண்ணுக்குள்ளேயே கரைப்பானை உடைக்கலாம். வேதிச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ டி.சி.இ.க்கு 2.4 கிலோ போதும். காகிதத்தில் மலிவு. ஆனால் மண்ணிலுள்ள மக்கிய இலைதழைகளும் இரும்புக் கனிமங்களும் பெர்மாங்கனேட்டை விழுங்கும். 1000 கன மீட்டர் மண் சுமார் 1800 டன். ஒரு கிலோ மண் 2 கிராமை விழுங்கினாலே 3.6 டன் போய்விடும். அந்த மண்ணில் இருக்கும் 10 கிலோ டி.சி.இ.க்குத் தேவைப்பட்டது வெறும் 24 கிலோ. ஆகவே மண் மாதிரியை ஆய்வகத்தில் வைத்து இந்த விழுங்கும் அளவை அளக்காமல் ஒரு மூட்டைகூட வாங்கக் கூடாது. மண்ணில் குரோமியம் இருந்தால் இன்னொரு ஆபத்து: அது நச்சும் நகர்வும் மிக்க ஆறு இணைதிற (குரோமியம்-6) வடிவத்துக்கு மாறிவிடும். அவசரத்தில் அழுத்தத்தைக் கூட்டிச் செலுத்தினால் ஊதாக் கரைசல் பழைய துளைகள் வழியே தரைக்கு மேல் பொங்கும்.

பாக்டீரியா, இரும்பு, வெப்பம்

ஆக்சிஜன் இல்லாத மண்ணில் சில பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோலக் குளோரின் கரைப்பான்களைப் பயன்படுத்தி, குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. டி.சி.இ. முதலில் டைகுளோரோஎத்திலீனாகும், அது வினைல் குளோரைடாகும், கடைசியில் தீங்கற்ற எத்திலீனாகும். இந்தப் படிகள் அனைத்தையும் கடக்கத் தெரிந்தவற்றில் முதன்மையானவை டீஹேலோகாக்காய்டீஸ் இனத்தவை. அந்த இனத்தைத் தனித்துப் பிரித்தெடுத்த ஆய்வு 1997இல் வெளியானது.

அவற்றுக்குத் தேவை ஹைட்ரஜன். அதற்காக லாக்டேட்டையோ குழம்பாக்கிய சோயா எண்ணெயையோ மண்ணுக்குள் செலுத்துகிறோம். மற்ற நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜனைத் தருகின்றன. நீரில் நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் மிகுந்திருந்தால் தீனியில் பெரும்பங்கு அவற்றுக்கே போகும். நொதிப்பில் அமிலம் உருவாகி பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் வேலை பாதியில் நிற்கும். நடுவழியில் நிற்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து, ஏனென்றால் வினைல் குளோரைடு டி.சி.இ.யைவிடக் கொடியது; அதன் அமெரிக்க வரம்பு 2 மைக்ரோகிராம். கார்பனிலும் அது சரியாக ஒட்டாது. ஆகவே டி.சி.இ. குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்கு முன் எத்திலீன் வந்ததா என்று பார்க்க வேண்டும். வினைல் குளோரைடை உடைக்கும் மரபணு லிட்டருக்கு 1 கோடிப் பிரதிகள் அளவில் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். இல்லையென்றால் வளர்த்த பாக்டீரியாவைக் காற்றுப்படாத கலனில் கொண்டுவந்து, ஆக்சிஜன் நீங்கிய நீரோடு இறக்க வேண்டும்.

இரும்புச் சுவர் வேறொரு அழகான யோசனை. தாரையின் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புத் துருவலை நிரப்பினால், நீர் தானாக அதன் வழியே ஓடும்போது இரும்பு துருவேறி, கரைப்பானின் குளோரினைக் கழற்றிவிடும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 1991இல் கனடாவின் போர்டன் ராணுவத் தளத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார், எடையில் 22 விழுக்காடு இரும்பும் மீதி மணலும் கலந்த சுவரைச் சோதித்தார்கள், டி.சி.இ.யில் 90 விழுக்காடு நீங்கியது. சுவரின் தடிமனைக் கணக்கிடுவது எளிது. லிட்டருக்கு 5000 மைக்ரோகிராமை 5 ஆக்கப் பத்து முறை பாதியாக்க வேண்டும். பாதியாக 4 மணி நேரம் என்றால் 40 மணி நேரம் நீர் சுவருக்குள் இருக்க வேண்டும். நாளுக்கு 30 சென்டிமீட்டர் ஓடும் நீருக்கு 50 சென்டிமீட்டர் தடிமன். பாதுகாப்புக்காக அதைவிடக் கூட்டிக் கட்டுவார்கள். பள்ளம் இடியாமலிருக்கப் பெண்டோனைட் (நீரில் ஊறிப் பருக்கும் களிமண்) குழம்பை ஊற்றினால் சுவரே அடைத்துப்போகும். அதனால் குவார் பிசினைப் பயன்படுத்திப் பிறகு நொதியால் கரைத்துவிடுகிறார்கள். கடின நீரில் சுண்ணாம்பு படிந்து ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவர் இறுகும். நீர் சுற்றி ஓடத் தொடங்கும். அதனால் சுவரின் இரு ஓரங்களிலும் கண்காணிப்புக் கிணறு அவசியம்.

களிமண்ணுக்குள் ஊறியதை நேரடியாகத் தாக்குவதில் வெப்பத்துக்கு நிகரில்லை. மின்முனைகளைப் பதித்து மண்ணின் வழியே மின்சாரம் பாய்ச்சினால் மண்ணே சூடாகும். செலுத்தும் திரவம் எதுவானாலும் மணலில் ஓடிவிட்டுக் களிமண்ணை விட்டுவிடும். மின்சாரமோ களிமண்ணில்தான் நன்றாகப் பாயும். நீரோடு சேர்ந்த டி.சி.இ. 73 டிகிரியிலேயே கொதித்துவிடும். மின்முனையைச் சுற்றி மண் காய்ந்தால் மின்னோட்டம் அறுந்துவிடும் என்பதால் அங்கே சொட்டுச் சொட்டாக நீர் விட வேண்டும். எழும் ஆவி முழுவதையும் உறிஞ்சாவிட்டால் அது குளிர்ந்த விளிம்பில் படிந்து புதிய மாசாகும். பழைய பி.வி.சி. கண்காணிப்புக் கிணறுகள் இந்தச் சூட்டில் இளகி நெளிந்துவிடும். முன்கூட்டியே இரும்புக் கிணறுகளாக மாற்ற வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 200 முதல் 300 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆகவே முழுத் தாரைக்கும் இது கட்டாது. ஊற்றுக்கண்ணை மட்டும் சுட்டுவிட்டு, மீதியைப் பாக்டீரியாவிடமோ இரும்புச் சுவரிடமோ விடுவதே எங்கள் தேர்வாக இருக்கும்.

ஈயம், ஆர்சனிக் போன்றவற்றுக்கு மேற்சொன்ன உடைக்கும் வழிகளும் ஆவியாக்கும் வழிகளும் பொருந்தாது. தனிமங்களை உடைக்க முடியாது. தோண்டி அகற்றலாம், அல்லது கரையாத வடிவில் கட்டிப்போடலாம். குரோமியத்துக்கு மட்டும் நல்ல வழி உண்டு: இரும்பு சல்ஃபேட்டால் ஆறு இணைதிறத்திலிருந்து மூன்றுக்கு இறக்கினால் அது மண்ணிலேயே படிந்துவிடும்.

வேலை முடிந்ததா என்பதை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் அறிய முடியும். புளோயர், பம்ப் எல்லாம் அணைந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலமும் வறட்சியும் அடங்குமாறு குறைந்தது இரண்டு ஆண்டுகள் மாதிரி எடுக்க வேண்டும். எண்கள் ஏறாமல் நின்றால், கடைசி வேலை கண்காணிப்புக் கிணறுகளை மூடுவது. மண்ணை அள்ளிக் கொட்டி மூடக் கூடாது. குழாயை அடிவரை இறக்கி, சிமெண்ட்–பெண்டோனைட் கலவையைக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே குழாயை உயர்த்த வேண்டும். பாதி அடைத்த ஒரு கிணறு, நாளை மேலே சிந்தப்போகும் எதையும் நேராக நீர்த்தாங்கிக்குள் இறக்கிவிடும்.