கட்டைவிரலில் ஃபோகஸ், ஆள்காட்டி விரலில் ஷட்டர்: பேக் பட்டன் ஃபோகஸைப் பாதியில் விடாதீர்கள்

கெட்டிமேளம் ஒலித்ததும் மணமேடையைச் சுற்றி என்ன நடக்கும் என்பது கல்யாணம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை தாலியோடு குனிவார். அதே நொடியில் நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும், செல்போன் பிடித்த கைகள் நீளும், மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் நடுவில் வருவார். ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடினால் அதற்கு முதலில் அகப்படுவது முன்னால் பறக்கும் அரிசியோ யாரோ ஒருவரின் முழங்கையோதான். மணப்பெண்ணின் முகம் பின்னால் மங்கிப்போகும். அந்த முடிச்சை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்க முடியாது.

இதைத் தவிர்க்கும் வழி 1989-லேயே கேனான் ஈஓஎஸ் 630 ஃபிலிம் கேமராவில் வந்துவிட்டது. ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டைவிரல் படும் இடத்திலுள்ள பட்டனுக்குக் கொடுத்துவிடுவது, இதுதான் பேக் பட்டன் ஃபோகஸ். இன்று அந்தப் பட்டனின் மேல் பெரும்பாலும் ஏஎஃப்-ஆன் (ஏஎஃப் என்றால் ஆட்டோ ஃபோகஸ்) என்று எழுதியிருக்கும். கட்டைவிரல் அழுத்தினால் ஃபோகஸ் ஓடும், எடுத்தால் லென்ஸ் அங்கேயே நின்றுவிடும். ஆள்காட்டி விரல் அழுத்தினால் படம் மட்டும் விழும்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்டு முயன்று பார்த்துவிட்டு "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்று விட்டவர்கள் நிறைய. காரணம் அநேகமாக ஒன்றுதான். ஏஎஃப்-ஆன் பட்டன் ஃபேக்டரி செட்டிங்கிலேயே வேலை செய்யும், ஆனால் ஷட்டரின் பாதி அழுத்தமும் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும். கட்டைவிரலால் மணப்பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு ஷட்டரைத் தொட்டதும் கேமரா மறுபடி அரிசியைத் தேடப் போகும். ஷட்டரிலிருந்து ஃபோகஸை முழுவதுமாக எடுக்காத வரை இது பேக் பட்டன் ஃபோகஸே இல்லை.

எடுப்பது எப்படி என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். கேனான் மிரர்லெஸ்ஸிலும் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பெரிய டிஎஸ்எல்ஆர்களிலும் (கண்ணாடி உள்ளவை) பட்டன்களை மாற்றும் மெனுவுக்குப் போய், ஷட்டர் பாதி அழுத்தத்துக்கு "மீட்டரிங் ஸ்டார்ட்" (ஒளியை அளக்கத் தொடங்குவது) என்று மட்டும் வையுங்கள். ஏஎஃப்-ஆனில் "மீட்டரிங் அண்ட் ஏஎஃப் ஸ்டார்ட்" இருக்கட்டும். 1500டி, 200டி போன்றவற்றில் ஏஎஃப்-ஆன் பட்டன் கிடையாது. அங்கே கஸ்டம் ஃபங்ஷனில் "ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்" என்று ஒன்று இருக்கும், அதில் 0 முதல் 3 வரை நான்கு தேர்வுகள். 1, 3 இரண்டுமே ஃபோகஸை நட்சத்திரக் குறி பட்டனுக்கு மாற்றும். 1-ஐ வைத்தால் ஷட்டரைப் பாதி அழுத்தியதும் எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளியின் அளவு) பூட்டிக்கொள்ளும். வீடியோ லைட் ஏறி இறங்கும் மண்டபத்தில் அது தொல்லை, அதனால் 3-ஐ வையுங்கள்.

நிக்கானில் டி500, டி850, இசட்6 போன்றவற்றுக்கு "ஏஎஃப் ஆக்டிவேஷன்" என்ற மெனுவில் "ஏஎஃப்-ஆன் ஒன்லி". டி3500, டி5600, டி7500 போன்றவற்றில் ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் வேலையைக் கொடுத்தாலே போதும், ஷட்டர் தானாக ஃபோகஸை விட்டுவிடும். சோனியில் "ஏஎஃப் வித் ஷட்டர்" என்பதை ஆஃப் செய்யுங்கள். ஃபியூஜியில் "ஷட்டர் ஏஎஃப்" ஏஎஃப்-எஸ்ஸுக்கு (ஒரு முறை பிடித்து நிறுத்தும் மோடு) தனியாகவும் ஏஎஃப்-சிக்கு (தொடர்ந்து பிடிக்கும் மோடு) தனியாகவும் இருக்கும், இரண்டையும் ஆஃப் செய்ய வேண்டும். ஒன்றை மறந்தால் மோடு மாற்றும்போது பழைய பிரச்சினை திரும்பி வரும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சோனி, ஃபியூஜியில் "ப்ரீ-ஏஎஃப்", கேனானில் "ப்ரிவியூ ஏஎஃப்" என்று ஒரு வசதி உண்டு, பழைய கேனான் மாடல்களில் அதன் பெயர் "கண்டினியூவஸ் ஏஎஃப்". எந்தப் பட்டனையும் தொடாதபோதே லென்ஸை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. நீங்கள் நிறுத்திவைத்த ஃபோகஸை அது நகர்த்திவிடும், பேட்டரியையும் தின்னும். அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபோகஸ் மோடு. தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் மோடை வையுங்கள்: கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. இதை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்த முறையின் பெரிய லாபம். நிற்கும் ஆளென்றால் ஒரு முறை அழுத்தி விடுங்கள், ஃபோகஸ் அங்கேயே நிற்கும். நடந்து வரும் ஆளென்றால் அழுத்திப் பிடித்தே இருங்கள், கேமரா தொடர்ந்து வரும். ஒரே பட்டனில் இரண்டு மோடும் கிடைத்துவிடும், மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. நிக்கான்காரர்கள் ஏஎஃப்-சி முன்னுரிமை "ரிலீஸ்" என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். "ஃபோகஸ்" என்று இருந்தால், கட்டைவிரலை எடுத்து ஃப்ரேமை மாற்றிய பிறகு ஃபோகஸ் புள்ளியின் அடியில் இருப்பது தெளிவாக இல்லை என்று சொல்லி ஷட்டர் விழாமலே போகலாம்.

இனி தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போதே ஒற்றைப் புள்ளியை மணப்பெண்ணின் முன்பக்கக் கண்ணில் வைத்து ஏஎஃப்-ஆனை அழுத்தி, பிடித்ததும் விரலை எடுத்துவிடுங்கள். பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறார், முன்னும் பின்னும் பெரிதாக நகரப்போவதில்லை. இனி அட்சதை பறந்தாலும் கைகள் குறுக்கே வந்தாலும் லென்ஸ் அசையாது. ஷட்டரை மட்டும் அழுத்திக்கொண்டே போகலாம். ஆனால் இருவருக்கும் இடையில் அரை அடி தூர வித்தியாசம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து 2 மீட்டரிலிருந்து எடுத்தால் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் தெளிவாக வரும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ.தான். பெண்ணின் கண் தெளிவாக இருந்தால் மாப்பிள்ளையின் விரல்கள் மங்கும். இந்த இடத்தில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) எஃப் 4 வரை மூடி, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொள்வதே சரி. சற்று நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) வந்த படத்தை ஆல்பத்தில் சேர்க்கலாம், ஃபோகஸ் தவறிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் ஓரடி நகர்ந்தாலும் பெண் சாய்ந்தாலும் மறுபடி ஒரு தட்டு. இரண்டு, மூன்று ஃப்ரேமுக்கு ஒரு முறை, வழி திறந்திருக்கும் நொடியில் தட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.

ஜல்லிக்கட்டில் இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம். மாடு வருமுன்பே வாடிவாசல் திறப்பில், கட்டையின் விளிம்பில், ஃபோகஸ் வைத்து விரலை எடுத்துவிடுங்கள். முதல் பாய்ச்சல் அந்த இடத்தில்தான் விழும், கேமரா தேட வேண்டியதில்லை. மாடு திறப்பைத் தாண்டியதும் கட்டைவிரலை அழுத்தி, இனி விடாமல் பிடித்துத் தொடருங்கள். வீரர்கள் குறுக்கே விழுந்து ஃபோகஸ் அவர்கள் மேல் தாவப்போகிறது என்று தோன்றும் கணத்தில் விரலைத் தளர்த்திவிட்டு, மாடு தெரிந்ததும் மறுபடி அழுத்துங்கள். இந்த விடுவதும் பிடிப்பதும்தான் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை. வேடந்தாங்கலில் கரையிலிருந்து மரத்துக் கூடுகளை எடுப்பவர்களுக்கும் இதுவே உதவும்: இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நாரையின் கண்ணில் ஒரு தட்டு, காற்றில் இலை ஆடினாலும் லென்ஸ் அதன் பின்னால் ஓடாது. அது சிறகை விரித்ததும் அழுத்திப் பிடியுங்கள்.

ஃபோகஸை நிறுத்தி ஃப்ரேமை மாற்றும் வசதிக்கு ஓர் எல்லை உண்டு. கேமராவைத் திருப்பும்போது தெளிவாக இருக்கும் தளமும் கூடவே திரும்பும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4, ஆள் 1.5 மீட்டரில் என்று வையுங்கள். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் போய்விடும். அந்தத் தூரத்தில் தெளிவு இருப்பது முன்னும் பின்னும் தலா 3.7 செ.மீ. அளவுக்குத்தான். கண் மங்கி, காது தெளிவாக வரும் படங்களில் பல இப்படித்தான் உண்டாகின்றன, லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதில்லை. கிட்டத்தில், பெரிய அப்பர்ச்சரில் எடுக்கும்போது புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். எஃப் 5.6-இல் மேடைக்குக் கீழிருந்து குரூப் எடுக்கும்போது இந்தக் கவலை வேண்டாம். ஜூம் லென்ஸில் ஃபோகஸ் வைத்த பிறகு ஜூமைத் திருப்பினால் பெரும்பாலானவற்றில் ஃபோகஸும் நகரும், எனவே திருப்பியதும் ஒரு தட்டு.

தவறு நடந்தால் படமே காரணத்தைச் சொல்லும். நடந்து வரும் ஆளின் தொடர் படங்களில் முதல் படம் மட்டும் தெளிவாக இருந்து, அடுத்தடுத்த படங்களில் ஃபோகஸ் ஆளுக்குப் பின்னால் தங்கிவிட்டால், கட்டைவிரல் நடுவில் விடப்பட்டிருக்கிறது, அல்லது மோடு ஒன் ஷாட்டில் (கேனான் அல்லாதவற்றில் ஏஎஃப்-எஸ்) இருக்கிறது. முதல் படத்திலிருந்தே எல்லாம் மங்கலாக இருந்து, முந்தைய ஷாட்டின் தூரத்தில் ஏதாவது தெளிவாகத் தெரிந்தால், பட்டனை அழுத்தவே இல்லை. மிரர்லெஸ்ஸில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். கண்ணைச் சுற்றிக் கட்டம் தெரிவதைப் பார்த்து ஃபோகஸ் ஆகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். வெள்ளைக் கட்டம் என்றால் கண்ணைக் கண்டுபிடித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். கட்டைவிரலை அழுத்தி, சோனியில் பச்சையாகவும் கேனான் சர்வோவில் நீலமாகவும் மாறினால்தான் லென்ஸ் வேலை செய்கிறது.

இருட்டான ரிசப்ஷன் ஹாலில் இன்னொரு சிக்கல். ஃபிளாஷிலிருந்து வரும் சிவப்பு ஏஎஃப் உதவி ஒளி, கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் சர்வோ, ஏஎஃப்-சி மோடில் எரியாது. சீரியல் லைட் மட்டும் மினுங்கும் இடத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால் ஒன் ஷாட் அல்லது ஏஎஃப்-எஸ்ஸுக்கு மாறுங்கள், பின் பட்டன் அப்படியே வேலை செய்யும். நிக்கான் விஆர் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: டிஎஸ்எல்ஆரில் ஏஎஃப்-ஆனை அழுத்துவதால் விஆர் தொடங்காது, ஷட்டரின் பாதி அழுத்தம்தான் அதைத் தொடங்கும். நீண்ட லென்ஸில் ஃபோகஸ் தேடும்போதே ஆள்காட்டி விரலையும் பாதி அழுத்தி வைத்திருங்கள், வியூஃபைண்டர் அமைதியானதும் எடுங்கள்.

கேமரா கை மாறும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. புதிதாக வந்த அசிஸ்டென்டோ, "நான் எடுக்கிறேன், நீங்களும் நில்லுங்கள்" என்று வாங்கும் உறவினரோ ஷட்டரை மட்டும்தான் அழுத்துவார்கள். கேமரா எந்த எச்சரிக்கையும் தராமல் படம் எடுத்துக்கொண்டே போகும், அத்தனையும் மங்கல். கொடுக்கும் முன் நீங்களே அந்தத் தூரத்தில் ஃபோகஸ் வைத்து "இந்த இடத்திலிருந்து நகராமல் எடுங்கள்" என்று சொல்லுங்கள், அல்லது கேனான் என்றால் முழு ஆட்டோ மோடுக்கு மாற்றிக் கொடுங்கள், அங்கே கஸ்டம் ஃபங்ஷன் செல்லாது, ஷட்டரே ஃபோகஸ் செய்யும். இரண்டு பாடி வைத்து வேலை செய்பவர்கள் இரண்டிலும் ஒரே அமைப்பை வையுங்கள். ஒன்றில் இப்படியும் மற்றதில் அப்படியும் இருந்தால் அவசரத்தில் விரல் குழம்பும்.

எல்லோரும் இதற்கு மாற வேண்டும் என்றில்லை. புதிய மிரர்லெஸ்ஸில் கண் கண்டறிதலை நம்பி ஷட்டரிலேயே எடுத்து நல்ல வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், போர்ட்ரெயிட்டுக்கு அது போதும். தலைக்கு மேல் ஒற்றைக் கையால் தூக்கி எடுக்கும்போது பின் பட்டனைப் பிடிப்பது சிரமம். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்குக் கட்டைவிரல் மூக்கிலோ கண்ணாடியிலோ இடிக்கும். கேனான் என்றால் அவர்கள் ஏஎஃப்-ஆனுக்குப் பதில் அதற்கு வெளிப்பக்கமுள்ள நட்சத்திரக் குறி பட்டனுக்கு வேலையை மாற்றிப் பார்க்கலாம்.

மாறுவதென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாறாதீர்கள். முதலில் தெருவோரம் நின்று, நேராக வரும் டூவீலர்களை 70-200 லென்ஸில் தொடர் படமாக எடுங்கள், கட்டைவிரலை விடாமல். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, நம்பர் பிளேட் எந்தப் படத்தில் மங்கத் தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்து, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஒரு முறை தட்டி, கட்டைவிரலை எடுத்துவிட்டு, இன்னொருவரை லென்ஸுக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். முகம் எல்லாப் படத்திலும் தெளிவாக இருந்தால் செட்டிங் சரி. ஒன்றில் கை தெளிவாக வந்தாலும், ஷட்டரில் ஃபோகஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், மெனுவுக்குத் திரும்புங்கள்.