சளியில் தெரிந்த ஆரஞ்சு நிறம்

செல்லையும் சதையையும் நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் மருத்துவரான என் மேசைக்கு வந்த படிவத்தில் ‘இருமல், காசநோயா?’ என்று மட்டும் எழுதியிருந்தது. போன் செய்து கேட்ட பிறகுதான் மீதி தெரிந்தது: வயது அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருடப் பீடி, சளியில் இரத்தம், எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி. கிருமி ஒருமுறையும் தென்படவில்லை. ஆனாலும் நான்கு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செல்களை நிறம் பிரித்துக் காட்டும் பாப் சாயமேற்றிய அவரது சளி ஸ்லைடில் பளீரென்ற ஆரஞ்சு நிறச் செல்கள். ஒன்றுக்குத் தலைப்பிரட்டை போல வால். உட்கருவோ மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தது. அந்த ஆரஞ்சு நிறம் கெரட்டினுடையது. தோலிலும் நகத்திலும் இருக்கவேண்டிய அந்தப் புரதத்துக்கு மூச்சுக்குழாயில் வேலையே இல்லை. புகை பட்டுப் பட்டு, நுண்மயிர் கொண்ட உட்சுவர்ச் செல்கள் தட்டையான செதிள் செல்களாக மாறுகின்றன. அந்த மாற்றம் மட்டுமே புற்றுநோய் ஆகாது. பழைய காசநோய்க் குழியும் அதில் வளரும் பூஞ்சை உருண்டையும்கூடச் செதிள் செல்களை விகாரமாக்கிக் காட்டும், நானே தடுமாறியிருக்கிறேன். அதனால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி கேட்டேன்.

குண்டூசித் தலையளவே சதை வந்தது. அதில் வெங்காயத்தை நறுக்கியதுபோல் அடுக்கடுக்காக இளஞ்சிவப்புச் சுருள்கள்: கெரட்டின் முத்துகள். நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைச் சற்று இறக்கினால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சீப்புப் பல் போன்ற மெல்லிய கோடுகளும் தெரிந்தன. புற்றுச் செல்களில் இவை தெளிவாகத் தெரிந்துவிட்டால் நுரையீரலின் செதிள் செல் புற்றுநோய் என்று எழுதிவிடலாம். இரண்டும் தெரியாத சமயத்தில்தான் புற்றின் வகையைப் பிரித்துக் காட்டும் பி40, டிடிஎஃப்-1 சாயங்கள். பி40 உட்கருவைப் பழுப்பாக்கி, டிடிஎஃப்-1 நிறம் காட்டாவிட்டால் விடை செதிள் செல் பக்கம். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்; நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து பலிக்குமா என்று பார்க்கும் பிடி-எல்1 பரிசோதனைக்கும் சதை மிஞ்ச வேண்டுமே.

‘புற்றுநோய்தான், எந்த வகையாக இருந்தால் என்ன?’ என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வகையைப் பார்த்துத்தான் மருந்தே. பெமெட்ரெக்செட் என்ற புற்றுநோய் மருந்து இந்த வகையில் சரியாகப் பலன் தராது. கட்டிக்கு இரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் கொடுத்தால் நுரையீரலில் இரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு.

புகைப்பவருக்குச் சளியில் இரத்தம் வருகிறது, கிருமி அகப்படவில்லை, மாத்திரைக்கும் இருமல் அடங்கவில்லை என்றால், ‘சிடி ஸ்கேன் வேண்டுமா, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அனுப்பும் மருத்துவர்களே, படிவத்தில் பீடியையும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.