லாரியில் போவது இரும்பா, காற்றா?

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், டர்னிங் (லேத்தில் கடையும்போது உதிரும் உலோகச் சீவல்) எடுக்க வரும் லாரி தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும், எடை மேடையில் ஏற்றினால் மட்டும் முகம் சுருங்கிப் போகும். ஒரு கன மீட்டர் கெட்டி இரும்பு சுமார் 7,850 கிலோ. அதே இடத்தில் சுருள் சுருளான டர்னிங் சில நூறு கிலோதான் தேறும். மீதிக் காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம்.

இதை அழுத்திப் பிரிக்கெட், அதாவது கெட்டியான கட்டி, போட்டுத் தருவதுதான் என் பிழைப்பு. பசை எதுவும் தேவையில்லை, ஹைட்ராலிக் பிரஸ்ஸின் அழுத்தத்திலேயே துகள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உருளையாக வெளியே வரும். முதல் உருளையை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பேன், உதிராவிட்டால் சரி. நீளச் சுருளை அப்படியே கொட்டினால் பிரஸ்ஸின் வாயிலேயே சிக்கும், முதலில் கிரஷரில் நொறுக்கணும். வார்ப்பிரும்பு போரிங்குக்கு (துளை குடையும்போது உதிரும் துகள்) அந்தத் தொல்லை இல்லை, அது பிறவியிலேயே பொடி.

அழுத்தும்போது கூலன்ட், அதாவது கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம், அடியில் ஒழுகி டிரம்மில் சேரும். இத்தனை நாள் இதையும் டர்னிங்கோடு சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தோமா என்று முதல் தடவை பார்க்கும் முதலாளிகள் கேட்காமல் இருப்பதில்லை.

காசை விட முக்கியம் ஈரம். உருகிய உலோகத்துக்கு அடியில் நீர் மாட்டினால் நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். ஒரு ஃபவுண்டரியில் (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை) மழையில் நனைந்த போரிங்கை அப்படியே ஃபர்னஸில் கொட்டிவிட்டார்கள்; குழம்பு கூரைத் தகடு வரை தெறித்தது, பக்கத்தில் நிற்க வேண்டிய பையன் டீ வாங்கப் போயிருந்தான். பிரிக்கெட்டிலும் ஈரம் முழுதாகப் போய்விடாது, அதனால் திறந்த வெளியில் அடுக்காதீர்கள். ஈர இரும்புத் துகளைக் குவித்து வைத்தாலும் துருப்பிடிக்கும்போதே அது தானாகச் சூடேறும், கப்பலில் 55 டிகிரிக்கு மேல் சூடான டர்னிங்கை ஏற்றவே கூடாது என்று விதி இருக்கிறது.

அலுமினியத்தில் லாபம் இன்னும் கண்ணுக்குத் தெரியும். உதிரித் துகள் குழம்பின் மேலே மிதந்து எரிந்து கசடாகிவிடும், அழுத்தியது சீக்கிரம் உள்ளே அமிழ்ந்து உருகும்.

ஆனால் ஒன்று, எல்லா உலோகத் துகளையும் ஒரே டிரம்மில் கூட்டித் தள்ளும் பட்டறைக்கு என் மெஷினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிரஸ் அதையும் அழகாக அழுத்திக் கொடுத்துவிடும். போன மாதம் அப்படி ஒரு லோடு போனது. வியாபாரி சுத்தியலால் ஒன்றை உடைத்தார், உள்ளே மஞ்சளாகப் பித்தளைத் துகள் மின்னியது. அதிலிருக்கும் செம்பு எஃகில் கலந்துவிட்டால் உருக்கிப் பிரிக்க வழியில்லை. மொத்த லோடுக்கும் கலப்பு விலைதான் போட்டார், எங்களால் வாயே திறக்க முடியவில்லை.