ஃபேன் ஒரு ரூமில் பறக்கிறது, இன்னொரு ரூமில் இழுக்கிறது

"அண்ணே, ஹால்ல ஃபேன் பிய்ச்சுக்கிட்டு சுத்துது, பெட்ரூம்ல இழுத்து இழுத்து சுத்துது. கரண்ட் ஜாஸ்தியா, கம்மியா?"

போன மழைக்காலத்தில் வந்த போன். இரண்டும்தான், ஒரே வீட்டில், ஒரே நேரத்தில். "முதல்ல மெயினை இறக்குங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். அதற்குள் டிவி போய்விட்டது.

போய்ப் பார்த்தால், மெயின் சுவிட்சில் நியூட்ரல் வயரின், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயரின், ஸ்குரூ தளர்ந்து வயர் நுனி கருகிக் கிடந்தது.

த்ரீ பேஸ் வீட்டில், அதாவது கரண்ட் கொண்டுவரும் வயர் (பேஸ்) மூன்று இருக்கும் வீட்டில், ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். அப்படியானால் இரண்டு பேஸுக்கு நடுவே? என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் முதலில் 460 என்பார்கள். மூன்று பேஸும் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கினாலும் ஒன்றாக ஏறுவதில்லை. 120 டிகிரி முன்பின்னாக வருகின்றன. அதனால் 230-ஐ 1.732-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 400.

இந்த 400 வீட்டுப் பொருட்கள் மேல் பாயாமல், நடுப்புள்ளியைப் பிடித்து நிறுத்துவது நியூட்ரல்தான். மூன்று பேஸிலும் சமமாக லோடு இருந்தால் அதில் கரண்டே ஓடாது. ஆனால் எந்த வீட்டில் அப்படி இருக்கிறது?

ஒரு பேஸில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்பு, மூன்றாவதில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கீசரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம், பல்பு 529 ஓம். நியூட்ரல் அறுந்ததும் இரண்டும் சீரீஸ் ஆகி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, 400 வோல்ட்டைப் பங்கு போடும். பல்புக்கு 380, கீசருக்கு 20. சின்ன லோடுதான் அடி வாங்கும்.

கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் விழாதா? ஓடுவது ஒரு ஆம்பியர்கூட இல்லை, எதற்கு விழும்? எர்த்துக்குக் கசிவும் இல்லை, அதனால் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும். வோல்டேஜ் கூடினால் துண்டிக்கும் ரிலே தனியாகப் போட வேண்டும். த்ரீ பேஸ் வீட்டுக்கு அது ஆடம்பரம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "எர்த்தை நியூட்ரலா குடுத்து ஓட்டிடலாமே" என்றார். ஓட்டலாம்! எர்த் குழி காய்ந்திருந்தால் வாஷிங் மெஷின் பாடியில் கரண்ட் வரும். தொடுகிறவர் பாடு?

சப்ளையை நிறுத்தி, கருகிய நுனியை வெட்டி, லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு ஸ்குரூவை முறுக்கினேன். அளக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால், நியூட்ரல் தளர்ந்திருந்தாலும் மீட்டர் 230 காட்டி ஏமாற்றும். அதனால் ஒரு பேஸில் மட்டும் ஐயன் பாக்ஸைப் போட்டுவிட்டு மூன்றையும் அளந்தேன். வோல்டேஜ் எதிலும் அசையவில்லை. அதன் பிறகுதான் ஃபேன் சுவிட்சைப் போடச் சொன்னேன்.