கடல் இருந்தும் மழை இல்லாத லிமா

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. பெரு நாட்டின் தலைநகர் லிமா தெற்கே 12 டிகிரியில். இரண்டும் கடலோரப் பெருநகரங்கள்தான். ஆனால் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, லிமாவிலோ பெரும்பாலான ஆண்டுகளில் 20 மி.மீ. கூடத் தேறாது. கோடையிலும் அங்கே வெயில் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம்.

கிழக்கே அமேசான் காட்டின் ஈரக்காற்றை ஆண்டிஸ் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. சரி, மேற்கே பசிபிக் பெருங்கடல் கிடக்கிறதே? சிக்கலே அங்கேதான். அந்தக் கடல் குளிர்ந்த கடல்.

பெரு கரையை ஒட்டி ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்து காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால், தெற்கு அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் இடப்பக்கமாக விலகும். இங்கே இடப்பக்கம் என்பது மேற்கு, அதாவது ஆழ்கடல் பக்கம். கரையோர நீர் விலகிய இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கடல் குளிர்ந்திருப்பதற்கான பெருமை முழுவதையும் பாடப்புத்தகங்கள், தெற்கிலிருந்து கரையோரமாக வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்துக்கே கொடுத்துவிடும். அடிநீர் இப்படி மேலெழுவதற்கும் அதில் பெரிய பங்குண்டு. மே மாத வங்கக்கடலின் மேற்பரப்பு 30 டிகிரியைத் தொடும்போது, குளிர்காலத்தில் லிமா கடல் 15 முதல் 17 டிகிரிதான்.

மழைக்கு ஈரக்காற்று உயரே ஏறியாக வேண்டும். குளிர்ந்த கடலைத் தொட்ட காற்று கனத்துத் தாழ்வாகவே தங்குகிறது. அதற்கு மேலே, உயரத்திலிருந்து இறங்கி வரும் காற்று அதைவிடச் சூடாக, மூடி போட்டாற்போல் நிற்கிறது. மேகம் சில நூறு மீட்டருக்கு மேல் ஏற முடியாமல் பாய்போல் பரவிவிடுகிறது. அதனால் ஜூன் முதல் அக்டோபர் வரை லிமாவாசிகள் சூரியனைப் பார்ப்பதே அரிது. காற்றில் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்துக்கு மேல், விழுவதோ வெறும் தூவானம். நகரை ஒட்டிய குன்றுகளில் வலைகளைக் கட்டி, மூடுபனியில் படியும் துளிகளைக் குழாய் வழியாகத் தொட்டியில் சேர்க்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வந்தால் இந்த ஏற்பாடு குலைகிறது. காற்று தளர்ந்து, வெதுவெதுப்பான நீர் கரைவரை பரவுகிறது. 1982–83லும் 1997–98லும் வடபெரு வெள்ளக்காடானது. 1998இல் செச்சுரா பாலைவனத்தில் பெரிய ஏரியே உருவாயிற்று. அடியிலிருந்து சத்துகளைக் கொண்டுவரும் குளிர்நீர் மேலே வராததால், நாட்டுக்கே வருமானம் தரும் நெத்திலி இன மீன்பாடும் அந்த ஆண்டுகளில் சரிந்துவிடுகிறது.