கடைசியாக எப்போது சிறுநீர் போனது?

பேதி கண்ட குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோருக்கு எத்தனை தடவை போனது, என்ன நிறம், என்ன நாற்றம் எல்லாம் மனப்பாடம். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். டயப்பர் போட்ட குழந்தையென்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீராகப் போன பேதியில் சிறுநீர் கலந்ததா இல்லையா, யாருக்கும் தெரியாது. பேதி நிற்கும்வரை டயப்பரைக் கழற்றிவிட்டுத் துணி கட்டுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லையா? மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

"அதான் பேதி நின்னுடுச்சே டாக்டர்!" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பேதி நிற்பது குடலின் கணக்கு, சிறுநீரகத்தின் கணக்கு வேறு. ஷிகெல்லா, சிலவகை ஈ.கோலை ஆகிய குடல் கிருமிகள் ரத்தபேதியைக் கொடுத்துவிட்டு, அது அடங்கும் நேரத்தில்தான் சிறுநீரகத்தைப் பிடிக்கும். பேதி தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது, குழந்தை வெளுக்கும். உதட்டையும் உள்ளங்கையையும் பாருங்கள். கண்ணிமை வீங்கும், சிறுநீர் குறையும், அல்லது கட்டங்காப்பி நிறத்தில் வரும். ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் பழுதாகும் இந்த நோயை எச்.யூ.எஸ். என்போம். அன்றே ஹீமோகுளோபின், தட்டணு, ரத்த ஸ்மியர் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்தாக வேண்டும். வலிப்பு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இந்த நிலையில் பலரும் செய்வது, சிறுநீர் வரட்டும் என்று இளநீராக ஊற்றுவது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் போகாத குழந்தைக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும். எவ்வளவு நீர் கொடுப்பது என்பதை அப்போது மருத்துவர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

பேதியில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெடுவது வெறும் நீர்வறட்சியால்தான். அதைத் தடுப்பது வீட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் முழுசாகக் கரைக்க வேண்டும். தயவுசெய்து டம்ளருக்கு ஒரு கரண்டி போடாதீர்கள். உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு வலிப்பே வரும். ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் சிரப்புகள் வறண்டுபோன சிறுநீரகத்தை மேலும் நெருக்கும். மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை கேட்காதீர்கள்.

டயாலிசிஸ் என்றதும் கையெழுத்துப் போட அஞ்சி வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான் தேவைப்படும், அதற்குள் சிறுநீரகம் மீண்டுவிடும். குணமான பிறகும் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும்.