‘சமீபத்திய கோப்புகள்’: எது சமீபம், எது கோப்பு?

கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றினால் ‘ரீசென்ட் ஃபைல்ஸ்’ இருந்த இடத்தில் ‘சமீபத்திய கோப்புகள்’ என்று வந்து நிற்கிறது. இரண்டே சொல், இரண்டும் பிழை.

‘ரீசென்ட்’ இலத்தீனிலிருந்து வந்தது. புதியது என்று பொருள். ‘சமீபம்’ வடசொல், அருகு என்று பொருள். ‘நானுஓயா ஸ்டேஷனுக்குச் சமீபத்தில்’ என்று இடம் சொல்லப் பயன்பட்ட சொல் காலத்துக்கும் வந்தது. வேர்க்கதை அவ்வளவுதான்.

சமீபத்திய படம் என்றால் புதிதாக வந்த படம். அப்படியானால் சமீபத்திய கோப்பு புதிதாக உண்டான கோப்பாகத்தானே இருக்க வேண்டும்? 2015இல் அடித்த விண்ணப்பத்தை இன்று திறந்தால் அதுதான் பட்டியலின் தலையில் நிற்கும். இன்று காலை கொப்பி பண்ணி, திறக்காமல் விட்டது அதில் வராது. கணக்கு திறந்த நேரத்துக்கு. கோப்பின் வயதுக்கு அல்ல.

அடுத்தது ‘கோப்பு’. வின்டோஸில் கட்டளை அடிக்கும் ரன் பெட்டியில் ‘ஷெல்:ரீசென்ட்’ (shell:recent) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். திறக்கும் கோப்புறையில் இருப்பவை ‘எல்என்கே’ வகைச் சுட்டுகள், அதாவது மூலக் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் ஷோர்ட்கட்கள்; பெரும்பாலும் சில கிலோபைட். மூலக் கோப்பின் பாதை, அளவு, திகதிகள், அது இருந்த டிரைவின் தொடரிலக்கம் எல்லாம் உள்ளே உண்டு. விண்ணப்பத்தின் ஒரு வரிகூட இல்லை. லினக்ஸில் குனோம் என்ற திரைமுகப்பில், திறந்த கோப்புகளின் முகவரிகள் எல்லாம் எக்ஸ்எம்எல் வடிவிலான ஒரே எழுத்துக் கோப்பில் கிடக்கும். எந்தச் செயலி எத்தனை தடவை திறந்தது என்பதும் அதிலேயே இருக்கும்.

ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அந்தக் கோப்புறையிலிருந்து சிவி ஒன்றைப் பென் டிரைவுக்கு இழுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினால், அங்கே திறக்காது. போனது முகவரி மட்டும். மறுபக்கம், கடையில் ஸ்கேன் பண்ணிய அடையாள அட்டையை அழித்துவிட்டு நிம்மதியாக எழும்பினாலும் பெயரும் பாதையும் சுட்டில் தங்கியிருக்கலாம்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘அண்மைக் கோப்புகள்’ என்கிறார்கள். வடசொல் போனது, பிழை போகவில்லை. அண்மையும் அருகுதான்; ‘திறந்த’ என்ற வினை அதிலும் இல்லை. ‘அண்மைச்சுட்டுகள்’ என்றால் சுட்டு என்பதாவது சரியாகும். ஆனால் அண்மைச்சுட்டு என்றதும் பள்ளியில் இலக்கணம் படித்தவருக்கு ‘இவன், இது’ என்பவற்றின் இகரம்தான் நினைவுக்கு வரும். இலக்கணத்தில் குடியிருக்கும் சொல்லை எழுப்பிவிட்டு மெனுவில் உட்காரவைப்பானேன்? ‘கடைசியாகத் திறந்தவை’ பேச்சுக்குக் கிட்ட நிற்கிறது, குறை சொல்ல மாட்டேன். என் தெரிவு ‘அண்மையில் திறந்தவை’. தனி உருப்படிக்குச் ‘சுட்டு’ போதும்.

மொழிபெயர்ப்பாளருக்குத் திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் அனுப்பினால் இப்படித்தான் வரும். ஆனால் ‘கிளியர்’ என்ற பொத்தானுக்குச் ‘சமீபத்திய கோப்புகளை அழி’ என்று எழுதுவதற்கு அது சாக்கு இல்லை. அதை அமத்தினால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, பட்டியல்தான் போகும். கோப்பே போய்விடும் என்று பயந்து யாரும் அதைத் தொடுவதில்லை. ‘பட்டியலை வெறுமையாக்கு’ என்று எழுதுங்கள்.